பனிக்குள் ஒரு பேஸ்பால் ஆட்டம்: கொட்டச்சேடு போய் வந்த கதை

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேதான் ஏறினேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பாதி மலையில் அவரே மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, கொஞ்சம் கைய உடுங்க, வெத்தல போட்டுக்கறேன். அடுத்த வளைவுக்குள்ள திருப்பிக் குடுத்தர்றனுங்க."

என்னைக் குறை சொல்லாதீர்கள். எனக்கு ஊர் வேதாரண்யம். எங்கள் பக்கம் மேடு என்றால் ரோட்டில் போட்டிருக்கும் வேகத்தடைதான். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி, இட்லி மாவு அரைத்து விற்கிறவள். என் மகள் சுகந்தி காலேஜில் பேஸ்பால் ஆடுகிறாள். போன மாதம் அவள் டீமில் ஒரு பெண்ணுக்கு முகத்தில் பந்து பட்டுத் தாடை விலகிவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நவம்பரில் ஏற்காட்டு மலையில் ஆட்டம் என்றதும் நானும் கிளம்பிவிட்டேன். நீ போய் என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். பக்கத்தில் இருந்தால் பயம் குறையும் என்றேன். கூடியது.

காலை எட்டு மணி பஸ், முப்பது கிலோமீட்டர், ஒன்பதேகாலுக்கு ஏற்காடு. ஒண்டிக்கடையில் இறங்கினால் கொட்டச்சேட்டுக்கு ஷேர் ஜீப் கிடைக்கும், ஆளுக்கு நாற்பது ரூபாய். பஸ்ஸில் கை கொடுத்தவரும் அதே ஜீப்பில் ஏறினார். ஆட்டம் நடக்கும் மைதானத்தை ஒட்டிய காப்பி எஸ்டேட்டில் அவர் ரைட்டராம், ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை பிரிப்பவர். "கை வேணுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மைதானம் என்று சொன்னால் மைதானம். மூன்று பக்கம் காப்பிச் செடி, ஒரு பக்கம் பள்ளம். பேஸ்பாலை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். உலக்கை மாதிரி ஒரு தடியால் பந்தை அடித்துவிட்டு, தரையில் போட்ட நான்கு மெத்தைகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். எதிராளிகள் அதற்குள் பந்தை எடுத்து எறிவார்கள். சுகந்திக்குக் காப்பி வேலியோரம், கடைக்கோடியில் நிற்கிற வேலை. அவ்வளவு தூரம் பந்து வராது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். முதல் பந்தே அங்கேதான் போனது. பிடித்துவிட்டாள். நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன்.

பதினொன்றுக்குத் தொடங்கிய ஆட்டம். பன்னிரண்டரைக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. பத்து எண்ணுவதற்குள் வேலி இல்லை, சுகந்தியும் இல்லை. டொக்கென்று தடியில் படும் சத்தம் மட்டும் கேட்டது. பந்து எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. அம்பயர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். உடனே எதிர் டீமின் மலைப் பெண்கள் நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொருத்தியாக "ஓய்" என்று குரல் கொடுத்தார்கள்.

"காப்பி பறிக்கறப்ப பனி எறங்குனா இப்படித்தானுங்க," என்றார் ஆட்டம் பார்க்க வந்து என் பக்கத்தில் நின்ற ரைட்டர். "குரல் வந்தா ஆளு பத்திரம்."

எங்கள் பெண்களும் சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தார்கள். சுகந்தியின் 'ஓய்' கடைசியில் கேட்டது. அடுத்த சுற்றை, அவளுக்குக் கிட்டத்தில் மெத்தை மேல் நின்ற மலைப் பெண் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. மற்றவர்களும் சட்டென்று அடங்கிவிட்டார்கள்.

"அந்தப் புள்ளைக்கு வாய் வலிக்குதாண்ணே?" என்று கேட்டேன்.

ரைட்டர் என் தோளை அழுத்தினார். "பேசாதீங்க. குரல் நின்னா பக்கத்துல காட்டுமாடு இருக்குதுன்னு அர்த்தமுங்க."

இது வெளியூர்ப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தன் குரல் கேட்கவில்லை என்று நினைத்து சுகந்தி இன்னும் பலமாகக் கத்தினாள்: "ஓய், நான் இங்க இருக்கேன்." கூட்டத்தில் குரல் எழுப்பிப் பேச வேண்டும் என்று சின்னதிலிருந்து சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

புஸ்ஸென்று ஒரு மூச்சுச் சத்தம். பனி கொஞ்சம் விலகியது. நிறுத்தி வைத்த லாரி மாதிரி கறுப்பாக ஒன்று, என் மகளுக்கு நாலடி தள்ளி, தலையை அவள் பக்கம் திருப்பி நின்றது. கத்தினால் அது மிரளும். கத்தாவிட்டால் என் நெஞ்சு வெடிக்கும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

மெத்தை மேல் நின்ற பெண் மெல்லச் சொன்னது எங்களுக்கே கேட்டது: "அக்கா, பேசாதீங்க. ஓடாதீங்க. அது மூஞ்சியப் பாக்காதீங்க."

சுகந்தி கையுறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். என்னை ஒரு நாளும் எதிர்த்துப் பேசாமல் விட்டதில்லை, அந்தப் பிள்ளை. மாடு இரண்டு வாய் புல் மேய்ந்தது. இன்னும் ஓரடி கிட்டே வந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பிறகு அது திரும்பி, அவசரமே இல்லாமல், வேலியை மிதித்துக் காப்பிக்குள் போய்விட்டது.

"ஓய்" என்றாள் மலைப் பெண். மைதானம் முழுக்க ஓய் ஓய் என்று எழுந்தது. ரைட்டர் வாயைத் திறந்த பிறகுதான் பார்த்தேன், வெற்றிலையை மெல்லாமலே இருந்திருக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், பந்து மேலே படாமல் கட்டியிருக்கும் வலைக்குப் பின்னால் உட்காருங்கள், மதியச் சாப்பாட்டைக் கையில் வைத்திருங்கள். கொட்டச்சேட்டிலிருந்து கடைசி ஜீப் நாலரைக்கு. உள்ளூர்க்காரர்கள் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள், காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குக் குரல் எழுப்பச் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அடங்கி நிற்க என் மகளுக்கு வேறு ஒருத்தி சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

பார்க்க வந்தவர்கள் ஓரத்தில் கட்டிய கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் போகக் கூடாது. நான் போனேன். மாடு நின்றிருந்த இடம் வழியாகத்தான் ஓடினேன். அது போட்டுவிட்டுப் போனது இன்னும் சூடாக இருந்தது. முழங்கால் வரைக்கும் வந்தது. மகளைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தேன். "அங்கயே நில்லும்மா," என்றாள்.

நின்றேன்.