குரங்குகள் போக்கிய புதுக்கார் நாற்றம்

ஓய்வு பெற்ற பின் ஆசையாகப் புதுக்கார் வாங்கினேன். உள்ளே அடித்த இரசாயன நாற்றம் என் மனைவிக்கு ஒத்துவரவில்லை. கம்பளையிலுள்ள மகள் வீட்டுக்குப் புறப்பட்டால் பாதி வழிகூடப் போகாமல் பேராதனையிலேயே வாந்தி எடுப்பாள். மூன்றாம் முறை, “நான் பஸ்லயே வாரேன். நீங்க ஒங்க காரோட வாங்க” என்று இறங்கிவிட்டாள். பஸ்ஸுக்குப் பின்னால் நான் தனியாகக் காரோட்டிப் போனேன்.

கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் சுற்றுநிருப உத்தரவுகளோடு வாழ்ந்தவன் நான். எதையும் முறைப்படியே செய்வேன். கரித்துண்டு, சமையல் சோடா, எலுமிச்சைத் தோல் என்று ஒவ்வொன்றாக வைத்தும் பலனில்லை. கடைசியில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிக் காரை வெயிலில் நிறுத்தினேன். எங்கள் வீடு உடவத்தைக் காட்டின் ஓரத்தில் இருப்பதை எந்த முறையும் கணக்கில் எடுக்கவில்லை.

“இந்தாங்க, ஓடியாங்க! காருக்குள்ள கொரங்கு!” என்று மனைவி கத்தினாள்.

கம்போடு ஓடினேன். ஏழெட்டுக் குரங்குகள் பாய்ந்தோடின. உள்ளே பார்த்தேன். இருக்கைத் துணியில் கீறலே இல்லை. அழுக்குப் படக்கூடாதென்று நான் கழற்றாமல் வைத்திருந்த பொலித்தீன் உறைதான் கந்தலாகிக் கிடந்தது. அதை அள்ளியபோதுதான் தெரிந்தது, நாற்றத்தில் பெரும்பங்கு அதனுடையது.

நான்கு நாள் கழித்து மனைவி முன்னிருக்கையில் ஏறி மோந்து பார்த்தாள். “படிச்ச ஒங்களுக்குத் தெரியல, அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள். கம்பளை வரை பேசிக்கொண்டே வந்தாள்.

இப்போது எதை வாங்கினாலும் உறையைக் கடை வாசலிலேயே கழற்றிவிடுகிறேன். காரைத் திறந்து வெயிலில் விட்டால், பக்கத்தில் கதிரை போட்டு நானே காவல் இருக்கிறேன்.