கவிழ்க்க மறந்த பால் டப்பா

அந்த டிராக்டரைக் கொன்றது நான்தான் என்று இருபத்தொரு நாள் நம்பினேன். சும்மா வாயளவில் நம்பவில்லை. மீசையை எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு நம்பினேன்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போய்வரும் குமாஸ்தா நான். பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே மனைவி வழியில் வந்த ஒரு காணி நிலம் இருந்தது. பக்கத்து நிலம் மச்சானுடையது, மனைவியின் அண்ணன். இருவரும் பாதிக்குப் பாதியாக, யாரோ ஓட்டித் தீர்த்திருந்த ஒரு டிராக்டரை வாங்கினோம். வயலோரத்து வேப்பமரத்தடியில் நிற்கும். அதை முடுக்கிவிடும் இரும்பு ஹேண்டில் பம்புசெட் அறையில் ஆணியில் தொங்கும். மச்சானுக்கு விவசாயம் தெரியும். எனக்கு ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதத் தெரியும். ஆகவே வண்டி விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பொறுப்பைத்தான் கொடுத்திருந்தார். சைலன்சர் குழாய் வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும். மழை பெய்தால் தண்ணீர் நேரே இன்ஜினுக்குள் போய்விடும். அதனால் வண்டியை நிறுத்தியதும் குழாயின் தலையில் ஒரு காலிப் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான் என் இலாகா.

ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினேன். மறுநாள் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர். பத்து நாள் கழித்துத் திரும்பி வயலுக்குப் போனால், டப்பா தரையில் மல்லாந்து கிடக்கிறது. உள்ளே மழைத்தண்ணீர், கொசுப்புழுக்கள் நீச்சல் பழகுகின்றன. ஹேண்டிலை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். அது அசையவில்லை. முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். தொங்கிய நான்தான் அசைந்தேன்.

அந்தப் பதற்றத்தில் ஓர் அறிவாளி செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புழுக்களைக் கொட்டி, டப்பாவைத் துடைத்துத் திரும்பக் குழாயில் கவிழ்த்தேன். தடயத்தை அழித்தாகிவிட்டது. அடுத்து, திருநீர்மலைப் பெருமாளே, வண்டி ஓடிவிட்டால் முடியும் மீசையும் உனக்கு என்று மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். அது வண்டலூர்த் திசை என்பது வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் நாற்றங்கால் அப்போதே பத்து நாள் பயிர். இன்னும் இருபது நாளுக்குள் நிலத்தை உழுது நடாவிட்டால் நாற்று முற்றிவிடும். அந்த வருஷத்து நெல் போய்விடும். மச்சான் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

இரண்டு நாள் ரயிலில் ஒத்திகை பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பா என்றதும் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என் தோளில் வைத்தார்.

"விடுங்க மாப்ளே. மறதி யாருக்குத்தான் இல்ல. வேணும்னா செஞ்சீங்க?"

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கூடப் பிறந்தவர்கள்கூட என்னை இப்படி மன்னித்ததில்லை.

"ஒண்ணு பண்ணுவோம்," என்றார். "அந்த ஹேண்டில் இனிமே எங்க வீட்லயே இருக்கட்டும். உங்களுக்கு ஆபீஸ் டென்ஷன் வேற."

அன்று சாயங்காலமே ஹேண்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, சீர்வரிசை போல இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தாம்பரம் ரயில்வே கேட் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். இன்ஜினின் தலையைக் கழற்றினார். மூன்று பிஸ்டன்களில் நடுவில் இருந்தது சிலிண்டரைக் கவ்விக்கொண்டு நின்றது. அவர் உள்ளே விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார்.

"இன்னா சார், துருவையே காணோம்? தண்ணி பூந்த இன்ஜின்னா செவுரெல்லாம் செவந்து கெடக்கும். இதுல கோடு கோடா கீச்சிக்கினு கீது."

"நீ வைத்தியத்தைப் பாருப்பா. ஜாதகம் பாக்காதே," என்றார் மச்சான்.

அந்த நகைச்சுவைக்கு முதலில் சிரித்தவன் நான். அதோடு நின்றேனா? "மழைத்தண்ணி சுத்தமான தண்ணி, அதான் துரு புடிக்கல," என்று ஒரு விஞ்ஞானமும் சொன்னேன். மெக்கானிக் என்னை ஒரு முறை பார்த்தார், மச்சானை ஒரு முறை பார்த்தார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

வைத்தியம் இதுதான்: மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து பிஸ்டன் தலையில் ஊற்றி ஊறவிட வேண்டும், தினமும். காலை ரயிலுக்கு முன்னால் ஒரு முறை, மாலை ரயிலுக்குப் பின்னால் ஒரு முறை ஊற்றினேன். எல்லாம் வீட்டு ரேஷன் மண்ணெண்ணெய். மனைவி விறகடுப்புக்குத் திரும்பினாள். "டிராக்டருக்கு மூணு வேளையும் குடுங்க, நாங்க பட்டினி கெடக்கறோம்," என்றாள். என் சட்டையில் அடித்த நாற்றத்தில் ரயிலில் எனக்கு மட்டும் ஜன்னலோர இடம் தவறாமல் கிடைத்தது.

ஒன்பதாம் நாள் மெக்கானிக் பிஸ்டன் மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டினார். அசையவில்லை. வண்டியைக் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். ஒரு சக்கரத்தில் நான், மறு சக்கரத்தில் மச்சான். கட்டை, சுத்தி, ஆட்டல் என்று இன்னும் நான்கு நாள். பதிமூன்றாம் நாள் உள்ளே 'டொக்' என்றது. மண்ணெண்ணெய் மட்டம் நூலளவு இறங்கியது.

"வந்துட்டான்," என்றார் மெக்கானிக்.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது மெக்கானிக்கை அல்ல, மச்சானை.

ரிங் மாற்றி, எல்லாம் பூட்டி, வண்டி உறுமியதும் திருநீர்மலைக்குப் போனோம். மச்சான் கூடவே வந்தார். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாவிதர் மீசைக்கு வந்தபோது நான் கொஞ்சம் தயங்கினேன்.

"வேண்டினது வேண்டினதுதான் மாப்ளே," என்றார் மச்சான். "சாமி விஷயம். அதையும் குடுத்துடுங்க."

கொடுத்தேன். வரும் வழியில், "நாளைக்கு மொதல்ல உங்க நெலத்தைத்தான் ஓட்டறோம்," என்றும் சொன்னார். மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் வயலுக்குப் போய் வண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். அவர் ஹேண்டிலோடு வரவேண்டும். எட்டு மணிக்கு வந்தது வேறொருவர், சைக்கிளில். கூடுவாஞ்சேரியில் மனை பிரித்து விற்கும் ஒருவரிடம் கணக்குப்பிள்ளையாம். என் மொட்டைத் தலையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

"யாரு சார் தவறிட்டாங்க?"

"யாரும் இல்ல. வண்டிக்காக வேண்டுதல்."

"அப்ப ரெடியாய்டிச்சா? அண்ணன் இன்னிக்குக் கொண்டாறேன்னாரு, அதான் கூட்டிக்கினு போலாம்னு வந்தேன். போன மாசம் மேட்டை நெரவிக்கினு இருந்தாரு. ரேடியேட்டர்லேர்ந்து ஆவியா வருது, தண்ணி ஊத்துங்கண்ணேன்னு கத்தறோம். இந்த ஒரு வரப்பை முடிச்சுட்டு ஊத்தறேன்னாரு. முடியறதுக்குள்ள பட்டுனு நின்னுபோச்சு."

"எப்போ?"

"பூஜை முடிஞ்சு ரெண்டாம் நாள் சார்."

நான் வண்டியைப் பார்த்தேன். டயர் இடுக்குகளில் செம்மண் காய்ந்திருந்தது. எங்கள் ஏரிக்கரை நிலம் களிமண், கருப்பு. ஐந்து நாள் அந்தச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டியவன் நான்.

மச்சானிடம் போய்ச் சண்டை போடவில்லை. மீசையில்லாமல் சண்டை போடவும் வராது. மறுநாள் லீவு போட்டு, வாடகைக்கு மாடு பிடித்து உழுது, முற்றத் தொடங்கிய நாற்றையே நட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆயுத பூஜையன்று நான் டப்பாவைக் கவிழ்த்திருந்தேன். நான் பெங்களூருக்கு ரயிலேறிய மறுநாள் மச்சான் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கூடுவாஞ்சேரிக்கு வாடகைக்கு ஓட்டிக்கொண்டு போனார். தண்ணீரில்லாமல் ஓட்டியதில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அங்கே கொட்டகையில் நின்ற வண்டியை, மழை விட்டபின் லாரியில் சங்கிலி கட்டி இழுத்துவந்து அதே வேப்பமரத்தடியில் விட்டார். டப்பாவைத் திரும்பக் கவிழ்க்கவில்லை.