துளசிங்கத்தின் பெருக்கல் குறி

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, இரும்பு நாடாவின் கடைசி மூன்றடிக்குப் பூசிக்கொண்டிருந்தார் துளசிங்கம். பூசி முடித்து நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கினார். தண்ணீர் பட்ட இடம் வரை சாக்பீஸ் நிறம் மாறும். அதை வைத்து, நீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அன்று நாடா வெள்ளையாகப் போய் வெள்ளையாகவே திரும்பி வந்தது. குறிப்பேட்டில் பதினேழாம் எண் கிணற்றுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இன்னா நைனா, எங்க கெணத்துக்கு இந்த மாசமும் பெருக்கல் குறிதானா?" என்று கேட்டாள், எதிர்வீட்டு வாசலில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த கன்னியம்மாள்.

"ஆங்."

"அத்த உங்க ஆபீசுல யாராச்சும் பாக்கறாங்களா?"

"பாக்கறதுக்குத்தான் மிஷினு வாங்கப் போறாங்க."

திருத்தணியில் எங்கள் நிலத்தடி நீர் ஆய்வுக்கூடத்தில் நான் குமாஸ்தா. அவர் கிணறு அளப்பவர். பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை சுற்று வட்டாரத்தில் நாற்பத்து மூன்று கிணறுகள். பதினாலு வருஷமாக ஒரே சைக்கிள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ்ஸே நகராத நாளிலும் அவர் அளவு எடுக்காமல் திரும்பியதில்லை. அவருடைய சட்டைப் பை எப்போதும் வெள்ளையாக இருக்கும். அந்தச் சாக்பீஸ் கறையைத் துவைத்துப் போக்க முடியாது என்று அவர் மனைவி வள்ளியம்மாள் எப்போதோ கைவிட்டுவிட்டார். இன்னொரு வழக்கம் உண்டு. பெருக்கல் குறி போட்ட ஊரில் துளசிங்கம் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்.

எண்பத்தெட்டாம் வருஷம் கோடையில் ஆய்வுக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்க உத்தரவு வந்தது. சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை, விஞ்ஞானிகளுக்கென்றே செய்த பெரிய ஜாதி, வொர்க்ஸ்டேஷன் என்றார்கள். எந்த ஊருக்கு முதலில் ஆழ்குழாய்க் கிணறு போடுவது என்பதை, இனி அது வரைகிற படம்தான் முடிவு செய்யும். மூன்று கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு இயந்திரத்தோடு சென்னையிலிருந்து வந்தார்கள். மூவருக்கும் டை, மூவருக்கும் வியர்வை. துளசிங்கத்தின் குறிப்பேட்டிலிருந்து ஒரு வருஷக் கணக்கைக் கொடுத்து, படம் போட்டுக் காட்டச் சொன்னார் இயக்குநர் வரதராஜன். கையெழுத்து புரியாவிட்டால் படித்துச் சொல்ல, துளசிங்கத்தையும் ஓரமாக நிற்க வைத்தோம்.

முதல் இயந்திரம் வண்ணத்தில் வரைந்தது. வறட்சிக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். அறையே 'ஆகா' என்றது. நானும் வாயைப் பிளந்தேன், மறைப்பானேன். இரண்டாவதும் அதே படத்தைக் கொஞ்சம் மங்கலாகப் போட்டது. மூன்றாவது பாதியிலேயே நின்று 'பீப்' என்றது. பதினேழாம் கிணற்றில் எண் இல்லை, மேலே போக முடியாது என்று எழுதிக் காட்டியது.

"சின்னக் கோளாறு சார், திருத்திடறேன்" என்று பதறினார் அந்தக் கம்பெனிக்காரர்.

"அத்த திருத்தாதீங்க" என்றார் துளசிங்கம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் வண்ணத் திரையருகே போய், நடுவில் இருந்த அழகான நீலப் புள்ளியைக் காட்டினார். "இது பதினேழு. எட்டு மாசமா சொட்டுத் தண்ணி இல்ல. இது வாய் வரைக்கும் ரொம்பிகினு இருக்குதுன்னு சொல்லுது."

பெருக்கல் குறி எண் இல்லையே. முதலிரண்டும் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருந்தன. பூஜ்யம் அடி ஆழத்தில் தண்ணீர் என்றால், குனிந்து கையாலேயே மொள்ளலாம்.

"ஒரு புள்ளிதானே சார், சராசரியில கரைஞ்சிடும்" என்று சிரித்தார் வண்ணக்காரர்.

"அந்த ஒரு புள்ளியில நூத்தி இருவது வூடு இருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கன்னியம்மாள் ஊரின் ஆழ்குழாய்க் கிணற்றுக்கு நானல்லவா சற்றுமுன் 'ஆகா' சொல்லி மண் போட்டேன்.

வண்ண இயந்திரத்துக்கு, படம் வந்த கையோடு நான் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆர்டரை வரதராஜன் மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"திரும்பிப் போறதுக்கெல்லாம் குறி போட்டு வையுங்க, துளசிங்கம்."

இயந்திரங்கள் வந்த காலி அட்டைப் பெட்டிகள் மூன்றும் வராந்தாவில் வரிசையாக இருந்தன. துளசிங்கம் சாக்பீஸை எடுத்தார். முதல் பெட்டியில் ஒரு பெருக்கல் குறி. இரண்டாவதில் ஒன்று. குறிப்பேட்டில் போடுவது போலவே, இரண்டின் கீழும் தேதி போட்டார். மூன்றாவதில் குறி போடவில்லை. பிறகு சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார்.