எழுத்து அழிந்த பத்து பட்டன்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் பரீட்சைக்கு அரை மணி நேரம் இருக்கும்போது என் லேப்டாப்பின் கீபோர்டு செத்துப்போனது. நாற்பத்தேழு வயதில் சைபர் செக்யூரிட்டியில் முதுகலை படிக்கிறவனுக்கு வரக்கூடாத நேரம். இந்த மாதிரி சமயங்களில் எனக்கு முதலில் வியர்க்கும், அப்புறம் கை கால் தானாக எதையாவது செய்யும், மூன்றாவதாகத்தான் புத்தி வரும். அன்றைக்குப் புத்தி வருவதற்குள் நான் பரணில் ஏறியிருந்தேன்.

கீழே நின்று என் மனைவி சத்தம் போட்டாள். "என்னத்துக்கு அதப் போட்டு உருட்டுதீய? உள்ள எலி கெடக்கும்."

"கெடந்தா அதுவும் பரீட்ச எழுதட்டும்" என்றேன்.

பழைய அட்டைப்பெட்டிக்குள் இருந்து ஒரு கீபோர்டை உருவி எடுத்தேன். அதன் வாலில் இருந்தது அந்தக் காலத்து உருண்டைப் பின். இன்றைய லேப்டாப்பில் அதைச் செருக ஓட்டையே கிடையாது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கீபோர்டை வாங்கிப் பரீட்சை எழுதினேன், அது வேறு கதை. பரணில் இருந்து இறங்காமல் நான் உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் வேறு. தூசியை ஊதியபோது பிரியாணி மசாலா வாசம் வந்தது. பதினாறு வருஷத்து வாசம் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், வந்தது. ஊதி முடித்துப் பார்த்தால், எல்லாப் பட்டன்களிலும் எழுத்து இருக்கிறது, பத்தில் மட்டும் வழுவழுவென்று அழிந்திருக்கிறது. ஜி, ஓ, எம், ஏ, டி, ஹெச், ஐ. அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று.

கோமதி ஒன் டூ த்ரீ. சேர்த்துப் படிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அப்போது சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பிளைவுட் தடுப்பு போட்டு நாலு கம்ப்யூட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் பிரியாணிக் கடை. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் வாயில் எச்சில் ஊறும். சாப்பிட்ட கையோடு வந்து தட்டுகிறவர்களை நான் தடுத்ததில்லை. அந்த மெஷின்களே என்னுடையவை இல்லை, மாமனார் பணத்தில் வாங்கியவை.

வேலை தேடுகிறவர்கள், கவுன்சிலிங்குக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் திடீரென்று மெயில் ஐடி தேவைப்பட்ட காலம் அது. நான்தான் உருவாக்கிக் கொடுப்பேன். பெயர், பிறந்த வருஷம், ஊரைக் குறிக்க மூன்று எழுத்து. இளையரசனேந்தல் பக்கத்தில் இருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு சம்சாரி கேட்டார்:

"பாஸ்வேர்டுன்னா என்ன வே?"

"வீட்டுச் சாவி மாதிரி அண்ணாச்சி."

"எங்க வீட்டுக்குப் பூட்டே கெடையாதே."

கடையே சிரித்தது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்தால் மறுவாரமே மறந்துவிட்டு வந்து என் உயிரை எடுத்தார்கள். அதனால் ஒரு நாள் எனக்கு ஞானம் பிறந்தது. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஊரில் யாருக்கும் மறக்காத அம்மன் பெயர், பின்னால் ஒன் டூ த்ரீ. அப்படியும் மறப்பவர்களுக்காக, கல்லாவுக்கு மேலே கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியே போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பலகைக்குப் பூ வேறு வைப்பேன். ரகசியக் கேள்வி என்று ஒன்று கேட்குமே, உங்கள் செல்லப் பிராணியின் பெயர் என்ன என்று, அதற்கும் எல்லோருக்கும் ஒரே பதில்தான். மணி. கடை வாசலில் பிரியாணிக் கடை எலும்புக்காகப் படுத்துக்கிடந்த நாய் அது. கம்ப்யூட்டர் கணக்குப்படி பாதி சங்கரன்கோவில் வளர்த்த நாய்.

இதை நான் வெகுகாலம் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

சென்டரை மூடிய பிறகு ராஜபாளையம் ரோட்டில் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளாகச் சேர்ந்தேன். போன வருஷம் புது மேனேஜர் வந்தார். பட்டம் உள்ள ஆளைத்தான் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குப் போடுவோம் என்று சொல்லிவிட்டார். வியர்த்தது, புத்தி வருவதற்குள் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். சனி, ஞாயிறு ஆன்லைனில் வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகள் என்னை அங்கிள் என்கிறார்கள். பாடம் எடுக்கிற மேடம் என் அக்கா மகள் வயது. முதல் மாதம் அவர் கேள்வி கேட்கும்போதெல்லாம் நெட் போய்விட்ட மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை. மின்விசிறி பின்னால் சுற்றுவதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

இந்தப் பருவத்தில் ஒரு அறிக்கை கேட்டார். நேரில் தெரிந்த ஒரு பாதுகாப்புத் தவறைப் பற்றி எழுத வேண்டும். நான் எழுதினேன், "ஒரு சிற்றூரில் ஒரு கடைக்காரர்" என்று. கரும்பலகை, பூ, மணி, எதையும் விடவில்லை. மேடம் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அந்த ஆளு இன்னும் கம்ப்யூட்டரத் தொடுறாரா?" என்றார் மேடம்.

எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

"அங்கிள், அவரு உங்களுக்கு ஃப்ரெண்டா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ரொம்ப நெருக்கம்" என்றேன்.

நல்ல மதிப்பெண். ஆனால் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார். 'பாதிக்கப்பட்டவர் யார்? அந்தப் பகுதி காலியாக இருக்கிறது. நிரப்பித் திரும்ப அனுப்பவும்.' யாரும் பாதிக்கப்படவில்லை என்று எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். பரணில் அந்தப் பத்து பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தபோது செல்வி ஞாபகம் வந்தாள்.

செல்வி என்பது நான் வைத்த பெயர். வாசுதேவநல்லூரில் இருந்து பஸ்ஸில் வருவாள். லேப் டெக்னீஷியன் படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளும் அவளோடு படித்த ஒருத்தியும் விண்ணப்பித்திருந்தார்கள். இன்டர்வியூ தேதி மெயிலில் வரும் என்று சொல்லியிருந்தார்களாம். ஒரு மாதம் தினமும் வந்து மூன்றாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தாள். இந்தக் கீபோர்டு அந்த மெஷினுடையது. அவளைவிட மார்க் குறைந்த தோழிக்கு மெயில் வந்தது, இவளுக்கு வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு மதியம் கல்லாவுக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, என் மெயில யாரோ தொறந்து பாக்காங்க. புதுசா வந்தது தடிச்ச எழுத்தால்லா இருக்கும்? நான் தொறக்கதுக்கு முன்னாடியே மெலிஞ்சு கெடக்கு."

நான் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "ஏட்டி, ஒன் மெயிலப் படிக்க அமெரிக்காக்காரன் தூங்காம முழிச்சுக் கெடக்கானாக்கும்? எழுத்து மெலிஞ்சா டானிக் வாங்கிக் குடு."

நாலு மெஷினிலும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் வரவில்லை.

யாரிடம் சாவி இருந்தது என்பதுதான் விசாரணையில் முதல் கேள்வி என்று முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். என் வழக்கில் பதில், சங்கரன்கோவில் வட்டாரம் முழுவதும். அவள் நல்லா இருந்தால் பொறுக்காதவன் ஒருத்தன் போதும், திறந்து படித்து அழித்துவிட்டுப் போக. விளையாட்டுக்குச் செய்தவனாகவும் இருக்கலாம். அப்படி ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இருந்தது. அதற்கு அந்தப் பழைய மெயிலைத் திறந்து பார்க்க வேண்டும், அவளிடம் சொல்லாமல் அது முடியாது.

செவ்வாய்க்கிழமை போனேன். விசாரித்து வைத்திருந்தேன், அவள் இப்போது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிற கடை வைத்திருக்கிறாள். போகிற வழியில் தேரடியில் என் பழைய கடையைப் பார்த்தேன். செல்போன் உறை விற்கிறார்கள். பிரியாணிக் கடை ஷட்டர் போட்டுக் கிடக்கிறது, மணியின் வம்சத்தில் ஒன்றைக்கூடக் காணோம். அவள் கடை வாசலில் பத்து நிமிஷம் நின்று, வியர்த்து முடித்து, உள்ளே போனேன்.

அவள் ஒரு பெரியவரிடம் கீபோர்டைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். "பாஸ்வேர்ட நீங்களே அடிங்கய்யா. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். அவர் ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். அவர் "ம்" என்று சொல்லும்வரை அவள் திரும்பவில்லை.

பெரியவர் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒரு சிரிப்புத் துணுக்குகூட வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான்னு போர்டுலயே போட்டிருந்தீயளே அண்ணாச்சி. அது எனக்கும் தெரியும். அத மாத்தலாம்ங்கதுதான் தெரியாது. அதக் கேக்கத்தான் வந்தேன். நீங்க சிரிச்சீய."



அவளே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துத் தன் பழைய ஐடியை அடித்தாள். ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. அப்படி ஒரு முகவரி இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை அடித்தாள். இல்லை. பல வருஷம் யாரும் தொடாமல் கிடந்ததால் அழித்துவிட்டிருப்பார்கள். தடித்தது, மெலிந்தது, எல்லாமே.

"நீங்க படிக்கிற படிப்புல அத எடுக்க முடியாதா அண்ணாச்சி?"

"முடியாதும்மா."

"வந்துச்சா வரலையாங்கதாவது?"

"அதுவும் முடியாது."

அவள் திரையை மூடினாள். "இத எழுதப் போறீயளோ?"

"ஒன் பேரப் போட மாட்டேன்" என்றேன் அவசரமாக.

"என் பேரு எதுக்கு? உங்க பேரப் போடுங்க."

அதற்குள் ஒரு பெண் விண்ணப்பத்தோடு உள்ளே வந்தாள். செல்வி அவள் பக்கம் கீபோர்டைத் திருப்பி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு நொடி முழித்துவிட்டு, நானும் திரும்பிக்கொண்டேன். அந்தச் சுவரில் எதுவும் எழுதியிருக்கவில்லை.