மேலே தள்ளினால் ஆன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. பி.காம். முடித்து, கல்யாணமாகி ஃப்ரீமான்ட் வந்து, வேலைக்குப் போக முடியாத விசாவில் பதினோரு வருஷம் வீட்டிலேயே கிடந்தேன். கிரீன் கார்டு வந்ததும் கம்யூனிட்டி காலேஜில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டேன். "இந்த வயசுல சர்க்யூட்டா? பேசாம அக்கவுண்டிங் பண்ணேம்மா" என்றார் கணவர். "பதினோரு வருஷம் பேசாமத்தாங்க இருந்தேன், போதும்" என்றேன்.

லேப் பரீட்சையில் முதல் தடவை ஃபெயில். இரண்டாவது தடவையும் போனால் யூனிவர்சிட்டிக்கு மாறிப் பட்டம் வாங்க வழி கிடையாது. விடுவேனா? பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை காலையிலேயே பயிற்சிக்கு லேபுக்குப் போய்விட்டேன். பளீரென்று வெயில், என்னையும் லேப் அசிஸ்டென்ட்டையும் தவிர ஆள் இல்லை. மூலை மேஜையில் உட்கார்ந்து சர்க்யூட்டை மாட்டினால் வேலையே செய்யவில்லை. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஏதோ ஒரு வயர் லூஸ், கரண்டை நிறுத்திவிட்டுப் பிடித்துப் பார்க்கலாம் என்று மேஜை சுவிட்சைப் பார்த்தேன். கீழே இருந்தது. மேலே தள்ளினேன். நம் ஊரில் மேலே என்றால் ஆஃப்தானே? இந்த ஊரில் அதுதான் ஆன்; அதுவரை இரண்டு மணி நேரமும் கரண்டே இல்லாமல்தான் மல்லுக்கட்டியிருக்கிறேன். இத்தனை வருஷம் இங்கே இருந்தும், பதற்றத்தில் கை மதுரைக்குப் போய்விட்டது. கரண்ட் வந்தால் எரிகிற சிவப்பு விளக்கும் அந்த மேஜையில் ஃபியூஸ் போயிருந்தது.

வயரைத் தொட விரல் நீட்டினேன். பக்கத்தில் கரண்ட் அளக்கிற ஒரு பழைய மஞ்சள் மீட்டர் சும்மா கிடந்தது, அதில் ஒரு வயர்கூடச் செருகவில்லை, நம்பினால் நம்புங்கள், அதன் திரையில் 120 என்று வந்தது. இந்த ஊர் கரண்டின் வோல்டேஜ். கையை இழுத்தேன், திரை அணைந்தது. மறுபடி நீட்டினேன், மறுபடி 120. எரிச்சலாகிவிட்டது எனக்கு.

"இந்த மீட்டர் ரிப்பேரா?" என்று அசிஸ்டென்ட்டிடம் கேட்டேன். அவர் வந்து முதலில் சுவிட்சைப் பார்த்தார், முகம் வெளுத்து அதைப் படாரென்று கீழே இறக்கினார். அப்புறம்தான் மீட்டரைத் திறந்து காட்டினார். உள்ளே பேட்டரியே இல்லை.

இருந்தாலும் வீட்டுக்குப் போகவில்லை, சர்க்யூட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அடுத்த வாரம் பாஸ்.

அந்த மீட்டர் குப்பைக்குப் போகிற சாமான் என்றார்கள், கேட்டு வாங்கி வந்துவிட்டேன். "அம்மா, திஸ் இஸ் கிரீப்பி, த்ரோ இட் அவுட்" என்கிறாள் என் பெண். தூக்கிப் போட மனசு வரவில்லை. காரணம், வீட்டுக்கு வந்து துடைக்கும்போது அதன் அடியில் ஒரு பழைய டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவில், தமிழில்: 'மேலே தள்ளினால் ஆன். மறக்காதே.'

தமிழ்ப் பிள்ளை யாராவது இங்கே படித்தார்களா என்று காலேஜில் எல்லோரிடமும் விசாரித்துவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை நல்லபடியாகப் படித்து முடித்ததா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.