குறுக்கே பேசாத கூட்டம்

மரியாதையாக அரசியல் பேசப் பழகுவோம் என்று அரசாங்கம் ஊருக்கு ஊர் கூட்டம் வைத்த காலம் அது. மேடைக்கு மேடை ஏசிப் பழக்கியவர்களே இப்போது நமக்கு வாய் கழுவிவிட வந்துவிட்டார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. ஆனாலும் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனேன். மனைவி கண்ணை மூடியபின் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் என்னோடு கதைக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து மகள் போனில் கோல் எடுப்பாள், அவ்வளவுதான்.

உண்மையில் நான் போனது என் கூட்டாளிக்காக. அவன் கொட்டாஞ்சேனைக்காரன். புதுக்கடைக் கோர்ட்டில் இருவரும் கிளார்க்காக இருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக் கடையில் அரசியல் எடுத்தால் அவன் என்னை ஒரு வசனம் முடிக்க விட்டதில்லை. பாதியிலேயே மேசையில் அடித்து, "விசர்க் கதை கதையாதடா" என்பான். பென்ஷன் எடுத்த பிறகும் அதே கடை, அதே சண்டை. போன தேர்தலில் மட்டும் வார்த்தை தடித்துவிட்டது. அதோடு கடைக்கு வருவதை நிறுத்தினான். நான் எடுத்தாலும் போனில் வரமாட்டான். அரசியல் கூட்டம் என்றால் எப்படியும் வருவான் என்று நம்பினேன்.

வந்திருந்தான். எதிரெதிர்க் கருத்துக்காரரை மேசைக்கு இருவராக இருக்கச் சொன்னார்கள். நான் நேரே போய் அவனுக்கு முன்னால் இருந்தேன். சுவரில் மூன்று பாஷையிலும் விதிகள்: மணி அடிக்கும் வரை ஒருவர் பேச வேண்டும், மற்றவர் குறுக்கே பேசக் கூடாது.

அவனால் பொறுக்கவே முடியாத கதையை வேண்டுமென்றே எடுத்தேன். கொட்டாஞ்சேனை ஆட்களுக்கு அரசியல் தெரியாது, காற்றடித்த பக்கம் வோட்டுப் போடுவார்கள் என்றேன். மரியாதையான சொற்களில்தான் சொன்னேன். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியை விட்டு எழவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ஒரு தரம் மேசையில் அடித்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவனுக்கு முன்னால் நான் முழுதாகச் சொல்லி முடித்த முதல் கதை அதுதான். முடித்தபோது எனக்கு அழுகை வந்தது.

மணி அடித்தது. கூட்டம் நடத்திய சிங்களப் பிள்ளை எங்கள் மேசையைக் காட்டி, எல்லோரும் இப்படித்தான் கேட்கப் பழக வேண்டும் என்று நல்ல தமிழில் பாராட்டினாள். சபை கை தட்டியது. அவனும் தட்டினான்.

முடிந்ததும் மெயின் ரோட்டுப் பஸ் நிறுத்தத்தில் அவனுக்காகக் காத்து நின்றேன். அவன் வர, புறக்கோட்டை பஸ்ஸும் வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பிப் பார்த்தான்.

"நல்லாக் கதைச்சீங்கள் ஐயா," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.