பஹீமாவின் கயிறு

விரலிடுக்கில் சாக்பீஸ், இரண்டு கையிலும் இரண்டு போன்: காரைக்கால் பக்கம் போலகத்தில் ஒரு வீட்டுக் கூடத்தைப் பஹீமா அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருக்கிறார். பீரோ பக்கம் போய் உதட்டைப் பிதுக்குகிறார். சாமி படத்துக்குக் கீழே நின்று "ம்ஹும்" என்கிறார். வடக்கு ஜன்னலுக்கு வந்ததும் திரையில் ஓடும் இணைய வேக எண் எகிறுகிறது. "இதாங்க்கா எடம்" என்று ஜன்னல் கட்டையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார். வீட்டுக்கார அம்மாள் டீ டம்ளரை நீட்டினால், "வைங்கக்கா, எறங்கி முடியட்டும்" என்பார். போனில் ஒரு பெரிய கோப்பு முழுதாக இறங்கி முடியாமல் அவர் டீயைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. ஊரில் பாதி வீட்டின் ஆறின டீயைக் குடித்தவர் அவர்.

திருமலைராயன்பட்டினத்துக்காரர். முப்பத்திரண்டு வயது. கல்லூரியில் கணினி படித்துவிட்டு, படித்ததை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்தவர். கணவர் பீர் மைதீன் குவைத்தில் இருக்கிறார். "அவங்க சபர்ல இருக்காங்க. அங்கேருந்து புள்ளைக்குப் பேசி ஒரு வீடியோ அனுப்புவாங்க. இங்க அது வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும். புள்ள பாத்துட்டு பாத்துட்டுத் தூங்கிடும். ஆத்திரம் ஆத்திரமா வரும்ங்க எனக்கு." அந்த ஆத்திரத்தில் பரணிலிருந்து மூட்டையை இறக்கினார். இணையத்தில் யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி இலவசமாக விட்டிருந்த ஒரு நிரலை எடுத்து, ஆறேழு மாதம் பிரித்து மேய்ந்து, இந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார்.

"ஒரே தட்டில் பத்து மடங்கு வேகம்" என்று விளம்பரம் செய்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பஹீமாவிடமும் அந்த முகத்தோடுதான் போனேன். அவர் சிரித்தார். "நான் வேகத்த உண்டாக்கலங்க. வர்றத சிந்தாம புடிக்கிறேன், அவ்வளவுதான்" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் காரைக்கால் மாவட்டம் புதுச்சேரியைச் சேர்ந்தது; எங்கே நின்றாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். போன் ஒரு நிமிஷம் காரைக்கால் டவரைப் பிடிக்கும், மறு நிமிஷம் நாகூர்ப் பக்கத்து டவருக்குத் தாவும். தாவும்போதெல்லாம் இறங்கிக்கொண்டிருக்கும் கோப்பு நின்று நின்று கிளம்பும். "ரெண்டு தொட்டிக்கும் மாறி மாறி ஓடுற மாடு எதுல தண்ணி குடிக்கும்? ஒண்ணுல கட்டிப்போடணும்." அதனால் அந்த நிரலுக்குக் கயிறு என்றே பெயர் வைத்துவிட்டார். கயிறு போனை ஒரே டவரோடு கட்டிப்போடும். பெரிய கோப்பை எட்டுத் துண்டாக்கி எட்டையும் ஒரே நேரத்தில் இழுக்கும். கடைத்தெருவில் "கயிறு போட்டாச்சா?" என்று பெண்கள் கேட்டுக்கொண்டால் வெளியூர்க்காரர்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள்.

வாடிக்கையாளர்கள் முக்கால்வாசி பெண்கள்தான். வீட்டுப் படங்கள் இருக்கும் போனைக் கடைக்காரரிடம் கொடுக்க மனம் வராதவர்கள் இவரைக் கூப்பிடுகிறார்கள். யாராவது போனைக் கொடுத்தனுப்பினால் வாங்க மாட்டார். "எந்த வூட்டுல பேசப்போறீங்களோ அந்த வூட்டுலதான் கட்டணும்" என்று ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். கம்பெனி கியாரண்டி போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். பேங்க் ஆப் இருக்கும் போனில் கை வைக்க மாட்டார். வேலை நடக்கும்போது போனைத் திட்டுவார். "எங்கடா ஓடுற? நில்லுடா!"

நான் பார்த்தவரை அவர் தயங்கி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தத் தைரியமே ஒரு தடவை காலை வாரிவிட்டது.

போலகத்தில் அதே வடக்கு ஜன்னல் வீடு சிதம்பரநாதனுடையது. நெல் போடுகிறவர். அவர் மகள் தாமரைச்செல்விக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் பத்து மணிக்கு வரும். போனில் இறக்கி, கேட்டு, ஒரு மணிக்குள் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். மூன்று மாதம் வேலையைப் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவளுடையது. பேங்க் ஆப்பை எடுக்கச் சொல்லிவிட்டுப் பஹீமா அதில் கயிறு போட்டார், காரைக்கால் டவரோடு. "நம்ம ஊரு டவர் இருக்கையில அடுத்த ஊருது எதுக்கு?"

ஒரு மாதம் ஓடியது. பிறகு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காரைக்கால் பக்கம் மின்சாரம் நிறுத்தும் நாள் வந்தது. ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பத்தரைக்கு, கோப்பு பாதி இறங்குவதற்குள், டவரின் பேட்டரியும் தீர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கரண்டும் இருந்தது, டவரும் இருந்தது. சிதம்பரநாதனின் பழைய பட்டன் போன்கூடத் தானாகத் தாவி அதைப் பிடித்துக்கொண்டது. கயிறு போட்ட போன் மட்டும் செத்த டவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அவிழ்க்கும் வழி பஹீமாவுக்கு மட்டும்தான் தெரியும். பஹீமாவைக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. அவர் போனும் அதே டவரில்தான் கட்டியிருந்தது!

டிவிஎஸ்ஸில் பட்டினத்துக்கே போய்ச் சிதம்பரநாதன் அவரை அழைத்துவந்தார். ஜன்னலோரம் செல்வி அழுது முடித்திருந்தாள். பட்டன் போனில் நிற்கும் சிக்னல் கோடுகளைப் பார்த்ததுமே பஹீமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "தப்பு என்னுதுதான் அண்ணே" என்றார். இரண்டு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார். ஆனாலும் வேலை போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. இன்னொரு நாள் தாமதமானால் வர வேண்டாம் என்று மாலையில் அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. செல்வியின் அம்மா பெரியநாயகி வைத்த டீ அன்று முழுக்க ஜன்னல் கட்டையிலேயே இருந்தது.

பஹீமா மூன்று நாள் வெளியே வரவில்லை. நிரலைத் திருத்திக்கொண்டிருந்தார். டவர் பத்து விநாடி பேசாமலிருந்தால் இனிக் கயிறு தானே அவிழும். அடுத்ததைத் தேடிக் கட்டிக்கொள்ளும். பிறகு, முன்பு கட்டிய முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனார். தெற்கே நாகூர்ப் பக்கத்து டவருக்கு எந்த மூலை நல்லது என்று மறுபடி அளந்து, இரண்டாவது பெருக்கல் குறி போட்டார். துறைமுகத்தை ஒட்டிய கீழவாஞ்சூரில் நிலக்கரித் தூசி படிந்த ஜன்னல்களைத் துடைத்துவிட்டுப் போட வேண்டியிருந்தது. "தப்புப் பண்ணது நான்தானே, போன்ல சொல்லி முடிச்சுக்க முடியுமா?" என்றார்.

அடுத்த பராமரிப்பு நாளன்று ஒன்பதுக்கெல்லாம் அவர் போலகத்தில் இருந்தார். நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"வரச் சொன்னாங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"யாரும் சொல்லலிங்க."

மின்விசிறி நின்றது. பத்துக்கு வர வேண்டிய கோப்பு அன்றைக்குப் பார்த்துப் பத்தே காலுக்கு வந்தது. பெரியநாயகி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். வடக்கு ஜன்னலில் எண் நான்கு சதவீதம், ஆறு சதவீதம் என்று ஏறியது. எட்டில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. செல்வி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஏழு, எட்டு, ஒன்பது.

பன்னிரண்டு எண்ணியபோது ஒரு கோடு முளைத்தது, பிறகு இன்னொன்று. "தெக்கு ஜன்னலுக்குக் கொண்டு போ பாப்பா" என்றார் பஹீமா. செல்வி போனைப் புதுக் குறியின் மேல் வைத்தாள். எண் ஒன்பதானது.

இன்னும் தொண்ணூற்றொரு பங்கு இறங்க வேண்டியிருந்தது. பஹீமா திரையைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, ஆவி பறந்துகொண்டிருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டார்.